தாராபுரத்தார் உறவுவழி: ஜனாஸா அறிவித்தலில் இருந்து காணி உறுதி வரை

"மன்னார் தாராபுரத்தைப் பிறப்பிடமாகவும் புத்தளத்தை வசிப்பிடமாகவும் கொண்ட..." என்று தொடங்கும் ஜனாஸா அறிவித்தலைக் கண்டால், அதைத் தாண்டிப் போகிற தாராபுரத்தார் அநேகமாக இல்லை. இறந்தவரின் பெயரைக் கண் முழுதாக வாசிக்கும் முன்பே மனம் பெற்றோரின் பெயரைத் தேடிப் போய்விடும். "இவர் யாருடைய மகன்?" என்ற கேள்விக்கு விடை கிடைத்தால்தான், "எனக்கு இவர் என்ன முறை?" என்ற அடுத்த கேள்விக்குப் போகலாம்.

அந்த அறிவித்தலை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். இறந்தவர் பெயர், பிறந்த ஊர், கடைசியாக இருந்த ஊர், மர்ஹூம்களான பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமக்கள், சகோதரர்கள், அவர்களில் யார் கட்டாரில், யார் லண்டனில், எந்தத் தொழுகைக்குப் பின் எந்த மையவாடியில் நல்லடக்கம் என்று எல்லாம் பத்து வரிக்குள் வந்துவிடுகிறது. மூன்று தலைமுறையின் உறவுவழி அது. ஆனால் நல்லடக்கம் முடிந்த மறுநாளே அதைத் தொலைபேசியிலிருந்து அழித்துவிடுகிறோம்.

சிதறிப்போன ஓர் ஊரின் வரலாறு எங்கே இருக்கிறது என்று கேட்டால், நாம் அலட்சியமாக அழிக்கிற, அலுமாரியின் அடியில் போட்டுவைக்கிற இப்படியான தாள்களில்தான் இருக்கிறது. அவற்றை எப்படி வாசிப்பது, எங்கே தேடுவது, ஏன் இப்போதே செய்யவேண்டும் என்பதைப் பற்றியது இந்தக் கட்டுரை. உதாரணத்துக்குத் தாராபுரத்தை எடுத்திருக்கிறோம். பேசாலையார், தலைமன்னாரார், முசலிப் பக்கத்தார் எல்லோருக்கும் இதிலே பெரும்பகுதி பொருந்தும்.

மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டிக்கு அயல் கிராமம் தாராபுரம். 1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, தீவின் மற்ற முஸ்லிம் கிராமங்களோடு சேர்ந்து இதுவும் காலியானது. வடக்கு முழுவதிலுமாக வெளியேற்றப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் அதிகமானோர் மன்னார் மாவட்டத்தார். தீவிலிருந்து பெரும்பாலானோர் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். ஒரே வீட்டார் வேறு வேறு வள்ளத்தில் ஏறினார்கள். கரை சேர்ந்த பிறகு சிலர் கற்பிட்டியில் தங்க, சிலர் புத்தளத்துக்குப் போக, வேறு சிலர் கொழும்பு, நீர்கொழும்பு, பாணந்துறை என்று உறவினர் இருந்த பக்கம் போனார்கள். இருபது வருடங்கள் கழித்து, 2009க்குப் பின், ஊர் திரும்பியபோதும் முழுக் குடும்பமாகத் திரும்பியவர்கள் குறைவு. பிள்ளைகளின் பாடசாலையும் தொழிலும் புத்தளத்தில், காணி மன்னாரில் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரி ஆகிவிட்டது.

குடித்தொகைக் கணக்கிலும் இது தெரிகிறது. 1981இல் மன்னார் மாவட்டத்தில் 1 இலட்சத்து 6 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தார்கள். அடுத்த முழுமையான கணக்கெடுப்பு 2012இல்தான் நடந்தது. அப்போது எண்ணிக்கை 99,570. முப்பத்தொரு வருடத்தில் ஒரு மாவட்டம் வளராமல் சுருங்கியிருக்கிறது. கணக்கெடுப்பு தலைகளை எண்ணும். எந்தத் தலை எங்கே போனது என்பதை நாம்தான் எழுதவேண்டும்.

தேடல் வீட்டிலிருந்தே தொடங்கட்டும். ஊரை விட்டு வரும்போது இருபது வயதாக இருந்தவருக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்போது ஐம்பது வயதாக இருந்தவர்களில் சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். ஆகவே உம்மம்மாவிடமும் மூத்தாப்பாவிடமும் பேசுவதுதான் முதல் வேலை. அதைத் தள்ளிப்போட முடியாது. அலுவலகங்கள் அடுத்த மாதமும் திறந்திருக்கும்.

ஆனால் "எங்கட குடும்ப வரலாற்றைச் சொல்லுங்க" என்று கேட்டால் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். "உங்கட கலியாணத்துக்கு யார் யார் வந்தாங்க?" என்று கேளுங்கள், அரைமணி நேரம் பேசுவார்கள். "வீட்டுக்கு வலப்பக்கம் யாருடைய வளவு? கிணறு யாருடையது?" என்று கேட்டால் ஒழுங்கையே கண்ணுக்கு முன் வந்துவிடும். ஆண்டு கேட்காதீர்கள். அவர்களுக்கு வேறு நாட்காட்டி இருக்கிறது. தனுஷ்கோடியை அழித்து மன்னாரையும் தாக்கிய 1964 டிசம்பர்ப் புயலுக்கு முந்தியா பிந்தியா, இராமேஸ்வரம் கப்பல் ஓடிய காலமா நின்ற காலமா, ஊர் விட்டு வந்தபோது அந்தப் பிள்ளை கைக்குழந்தையா நடந்து வந்ததா என்று கேட்டால், ஓரிரு வருட வித்தியாசத்தில் ஆண்டு பிடிபடும்.

பெயர்களில்தான் சிக்கல் அதிகம். ஒரே ஊரில் ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அதனால் ஊரார் ஆளை அழைத்த பட்டப்பெயரையும் வீட்டுப் பெயரையும் கட்டாயம் எழுதிவையுங்கள். சிலருக்கு அது சற்று வெட்கமாக இருக்கலாம், ஆனாலும் எழுதுங்கள். உத்தியோகபூர்வப் பெயரை மட்டும் சொன்னால் தெரியாது என்று கைவிரிக்கிற ஒரு பெரியவர், பட்டப்பெயரைச் சொன்னதும் மூன்று தலைமுறையைச் சொல்லிவிடுவார். உறவுமுறையையும் சொல்லப்படுகிறபடியே எழுதுங்கள். "மாமா" என்றால் உம்மாவின் சகோதரரா, மாமியின் கணவரா, மாமனாரா? "காக்கா" என்றால் கூடப்பிறந்தவரா, பெரியம்மாவின் மகனா? அந்த இடத்திலேயே ஒரு கேள்வி கேட்டுத் தெளிந்துகொண்டால் பின்னால் இரண்டு பேரை ஒருவராக்கும் பிழை வராது.

ஊரின் பெயரே ஒரு தடங்கல். கொங்குநாட்டில், திருப்பூர் மாவட்டத்தில், இதே பெயரில் பெரிய ஊர் ஒன்று இருப்பதால், இணையத்தில் தாராபுரம் என்று தேடினால் அதுதான் முதலில் வந்து நிற்கும். "மன்னார்" என்ற சொல்லைச் சேர்த்தே தேடவேண்டும். ஆங்கிலத்தில் "தா" எழுத்தை டி, டி-எச், டி-க்குப் பதிலாக இன்னொரு "த"கர எழுத்து என்று பலவிதமாக எழுதுவதால், எல்லா விதத்திலும் தேடிப் பார்க்கவேண்டும். முகம்மது, மொஹமட், முஹம்மத் என்று ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒன்றாகவும், அடையாள அட்டையில் வேறாகவும், கடவுச்சீட்டில் மூன்றாவதாகவும் இருப்பது நமக்குப் புதிதல்ல. மன்னாரில் தமிழில் பதியப்பட்ட பெயர், இடம்பெயர்ந்த இடத்தில் சிங்களப் படிவம் வழியாகப் போய்த் திரும்பி வரும்போது இன்னொரு வடிவம் எடுத்திருக்கும். எந்த வடிவத்தையும் பிழையென்று ஒதுக்கவேண்டாம். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

இனி அலுவலகத் தாள்கள். பழைய பிறப்புச் சான்றிதழை நாம் பெயரும் திகதியும் பார்த்துவிட்டு மடித்துவைக்கிறோம். கீழே ஒரு கூடு இருக்கிறது: பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவரது முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம். அதற்கும் கீழே, தகப்பன் இலங்கையில் பிறக்காதவராயின் பூட்டனாரின் விபரம். பிரஜாவுரிமையை வம்சாவழியால் நிறுவவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது. அந்தத் தேவைக்கு உதவிய கூடு இது. மலையகத்தில் இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய சட்டத்தின் சுவடு, இன்று நமக்கு மூத்தாப்பாவின் பிறந்த ஆண்டைத் தருகிறது. உங்கள் சான்றிதழில் அந்தக் கூடு வெறுமையாக இருந்தால், மூத்த சகோதரர்களின் சான்றிதழைப் பாருங்கள். ஒரு பதிவாளர் எழுதாததை இன்னொருவர் எழுதியிருப்பார்.

பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளின் பிரதிகளைப் பிரதேச செயலகத்தின் மேலதிக மாவட்டப் பதிவாளர் பிரிவில் பெறலாம். பதிவிலக்கமும் திகதியும் தெரிந்தால் வேலை எளிது. தெரியாவிட்டால், உத்தேசக் காலத்தைக் குறிப்பிட்டுப் பதிவேட்டில் தேடும்படி விண்ணப்பிக்கவேண்டும். உம்மம்மா சொன்ன "புயலுக்கு மறுவருஷம்" இங்கேதான் கைகொடுக்கிறது. கணினியில் ஏற்றப்பட்ட பதிவுகளைப் பிறந்த இடத்துக்குப் போகாமல் வேறு பிரதேச செயலகத்திலும் பெறமுடியும் என்பதால், புத்தளத்தில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் மன்னாருக்கு பஸ் ஏறவேண்டியதில்லை. முதலில் அருகிலுள்ள அலுவலகத்தில் கேளுங்கள்.

முஸ்லிம் விவாகப் பதிவுக்குத் தனிச் சட்டம் உண்டு, 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கம். அந்தப் பதிவில் மணமகன், மணமகளின் வலீ, சாட்சிகள் ஆகியோரின் பெயர்களோடு மஹர், கைக்கூலி விபரமும் இருக்கும். வலீ பெரும்பாலும் மணமகளின் தகப்பனார். அவர் இல்லாவிட்டால் பாட்டனாரோ சகோதரரோ சாச்சாவோ. ஆகவே வலீயாகத் தகப்பனல்லாத ஒருவர் கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கலியாணத்துக்கு முன்பே தகப்பன் இறந்திருக்கலாம் என்ற தடயம் கிடைக்கிறது. மணமகளின் கையெழுத்துக்கோ அந்தத் தாளில் இடமே வைக்கவில்லை. தன் சொந்தக் கலியாணப் பதிவில் ஒரு பெண் கையெழுத்திடாமல் இருந்திருக்கிறாள் என்பதை இந்தத் தேடலில்தான் பல பேத்திமார் முதன்முதல் கவனிக்கிறார்கள். இன்னொன்று: பதியாத நிக்காஹும் அந்தச் சட்டப்படி செல்லும். அதனால் பதிவு கிடைக்கவில்லை என்றால் கலியாணமே நடக்கவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. பள்ளிவாசல் நிர்வாகத்தின் பழைய புத்தகங்களையும் விசாரியுங்கள்.

காணி உறுதியை இன்னும் கவனமாக வாசிக்கவேண்டும். எங்கள் பக்கத்தில் வீடுவளவு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். எனவே வாப்பாவின் வழியில் மட்டும் தேடினால் வீடு யாருடையது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது. உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்று பெண்வழியே போகவேண்டும். வம்சாவழி வரைபவர்கள் ஆண்களின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, பெண்களை "மனைவி" என்ற ஒரு சொல்லில் அடக்குவதால்தான் பல வரைபடங்கள் காணியோடு பொருந்துவதில்லை.

உறுதியின் கடைசிப் பக்கத்தில் எல்லைகள் இருக்கும். வடக்கே இன்னாரின் காணி, கிழக்கே ஒழுங்கை, தெற்கே இன்னாரின் வளவு. பத்து வீட்டாரின் உறுதிகளை ஒரு மேசையில் பரப்பி வைத்தால், எல்லைகளைக் கொண்டே ஓர் ஒழுங்கையை வீடு வீடாகத் திரும்ப வரையலாம். மூலப் பிரதி வள்ளத்தில் வரும்போது நனைந்தோ தொலைந்தோ போயிருந்தால் மனம் விடவேண்டாம். நொத்தாரிசு தான் எழுதிய உறுதியின் ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும் என்பது சட்டம். பதிவகத்தில் விண்ணப்பித்து அத்தாட்சிப்படுத்திய பிரதியைக் கேட்கலாம். ஊரிலில்லாத காலத்தில் வேறொருவர் காணியில் இருந்து ஆட்சியுரிமை கோரினால், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர் கணக்கில் சேர்ப்பதைத் தடுக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதற்குக் கால எல்லைகள் உண்டு என்பதால், உங்கள் விடயத்தில் அது பொருந்துமா என்று சட்டத்தரணியிடமே கேளுங்கள்.

இவை தவிர வாக்காளர் இடாப்பு உண்டு, வீட்டிலக்கத்தோடு அந்தந்த ஆண்டில் அங்கிருந்த வயதுவந்தோர் பெயரைத் தரும். பழைய ஆண்டுப் பிரதிகளை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் கேட்கலாம். பாடசாலைச் சேர்வு இடாப்பு, விடுகைப் பத்திரம், முகாமில் தந்த உலர் உணவு நிவாரண அட்டை எல்லாமே சாட்சிகள்தான். இடம்பெயர்ந்த ஊர் தன் பெயரையும் கூடவே தூக்கிக்கொண்டு போனது. புத்தளம் நாகவில்லில் எருக்கலம்பிட்டி முஸ்லிம் மகா வித்தியாலயம் என்று ஒரு பாடசாலை இருப்பது அதனால்தான். இடாப்பைத் தேடிப் போகிறவர் மன்னாரையும் புத்தளத்தையும் இரண்டையும் பார்க்கவேண்டும்.

இதெல்லாம் ஓய்வு பெற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சிலர் நினைக்கலாம். ஒரு கணக்கைச் சொல்கிறேன். இலங்கை முஸ்லிம்களின் வாரிசுரிமை, உயில் இல்லாதபோது, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி அவரவர் மத்ஹபைப் பின்பற்றும். நம்மவர்க்கு அது ஷாபி. ஒருவருக்கு இரண்டு மகன்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் பிள்ளைகளை விட்டுவிட்டு, தகப்பன் உயிரோடிருக்கும்போதே முகாமில் இறந்துவிடுகிறார். பிறகு தகப்பன் இறக்கிறார். இளைய மகன் உயிரோடு இருப்பதால் மூத்தவரின் பிள்ளைகளுக்குப் பாட்டனாரின் காணியில் பங்கில்லை. தகப்பன் முதலில் இறந்து, மகன் ஆறு மாதம் கழித்து இறந்திருந்தால், மூத்தவருக்குச் சேர்ந்த பங்கு அவர் வாரிசுகளுக்கு வந்திருக்கும். யார் முதலில் இறந்தார் என்ற ஒரே ஒரு திகதிதான் வித்தியாசம்.

அந்தத் திகதிதான் பலரிடம் இல்லை. ஓலைக் கொட்டிலில் இருந்த முதல் வருடங்களில், சுகவீனத்தால் இறந்தவரை அன்றைக்கே அடக்கிவிட்டு மறுநாள் தண்ணீர் வரிசையில் நின்றவர்களுக்கு, மரணத்தைப் பதிவது முதல் யோசனையாக இருந்திருக்காது. அடக்கிய பள்ளிவாசலின் குறிப்பு, நிவாரண அட்டையில் பெயர் வெட்டப்பட்ட மாதம், வெளிநாட்டில் இருந்த மகனுக்கு எழுதிய கடிதத்தின் தபால் முத்திரை என்று ஏதாவது ஒன்றில் திகதி ஒட்டிக்கொண்டிருக்கும். இப்போது தேடினால் கிடைக்கலாம். வழக்கு வந்தபின் தேடினால், கிடைக்கிற தாளை மற்றப் பக்கத்தார் நம்பமாட்டார்கள்.

காணாமற்போனவர் உள்ள வீடுகளுக்கு இது இன்னும் கடினமானது. இறப்பும் எழுதமுடியாது, உயிரோடு இருப்பதாகவும் எழுதமுடியாது. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான காணாமற்போனோர் அலுவலகத்துக்கு மன்னாரிலும் பிராந்திய அலுவலகம் உண்டு. அதே ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், மரணச் சான்றிதழ் வாங்காமலே, ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைப் பெற வழிசெய்தது. பிள்ளைகளின் பாதுகாவல், சொத்துப் பராமரிப்பு, கொடுப்பனவுகள் போன்றவற்றுக்கு அது உதவும். அதைப் பெற்றதால் உறவினர் தேடலைக் கைவிட்டதாக ஆகாது. உண்மையைச் சொல்லவேண்டியவர்கள் இன்னமும் சொல்லவில்லை என்ற தாய்மாரின் கோபத்தை எந்தச் சான்றிதழும் தீர்க்கப்போவதில்லை, அதையும் மறைப்பதற்கில்லை. உறவுவழி வரைபவர்கள் அந்தப் பெயருக்கு நேரே "மர்ஹூம்" என்றோ "அமரர்" என்றோ வீட்டாரின் சம்மதமின்றி எழுதவேண்டாம். "கடைசியாகக் காணப்பட்டது" என்று திகதியையும் இடத்தையும் எழுதினால் போதும்.

செய்தி பரிமாறுவது ஒருகாலத்தில் எவ்வளவு பாடு என்பதை இளையவர்கள் அறியமாட்டார்கள். 1989 முதல் இலங்கையில் இயங்கும் சர்வதேச செஞ்சிலுவைக் குழு, போரால் பிரிந்தவர்களிடையே குடும்பக் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒட்டாத, திறந்த தாள். குடும்ப விடயம் மட்டும் எழுதலாம். "நாங்கள் சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல்" என்ற இரண்டு வரிக்காக மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். சவூதிக்கும் குவைத்துக்கும் போனவர்களுக்குக் கசற்றில் பேசி அனுப்பினார்கள். கொமினிகேசனில் வரிசையில் நின்று, நிமிடத்துக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணிப் பேசினார்கள். அந்தக் கடிதங்களும் கசற்றுகளும் எந்த வீட்டிலாவது இருந்தால் தயவுசெய்து எறியவேண்டாம். கசற்றுக்கு ஆயுள் குறைவு, முதலில் அதைக் கணினிக்கு மாற்றுங்கள். உம்மாவின் குரல் மட்டுமல்ல, பின்னால் கேட்கிற அயலவர் குரலும் அதில் இருக்கும். குடும்பத் தொடர்பைத் தேடித் தரும் சேவை செஞ்சிலுவை இயக்கத்தில் இன்றும் உண்டு, கட்டணமில்லை. பணம் தந்தால் காணாமற்போனவரைக் கண்டுபிடித்துத் தருவதாக எவராவது அழைத்தால், அது மோசடி என்றே கொள்ளுங்கள். இந்த வேதனையை வைத்துப் பிழைத்தவர்கள் நம் மாவட்டங்களில் கொஞ்சப் பேரல்ல.

இப்போது எல்லாம் வட்ஸ்அப் குழுவில். வசதிதான். ஆனால் செய்தி வந்த வேகத்தில் கீழே புதைந்துவிடுகிறது. குழுவுக்கு ஒருவராவது பொறுப்பெடுத்து, வருகிற ஜனாஸா அறிவித்தல்களையும் கலியாணச் செய்திகளையும் திகதியோடு ஒரு கோவையில் சேமித்தால், ஐந்து வருடத்தில் ஊரின் பாதி உறவுவழி தானாகவே சேர்ந்துவிடும். அடையாள அட்டை, உறுதி, கடவுச்சீட்டு ஆகியவற்றின் படத்தைக் குழுவில் போடவேண்டாம். தேவைப்பட்டவருக்குத் தனியாக அனுப்புங்கள். ஒருவர் இறந்ததாக வரும் செய்தியை வீட்டாரிடம் கேட்காமல் அனுப்புவதையும் நிறுத்தவேண்டும்.

யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பங்களில் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு என்று நினைவு மலர் அச்சிடும் வழக்கம் உண்டு. அதில் வம்சாவழி இருக்கும். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் அப்படியான மலர்கள், பாடசாலை மலர்கள், பழைய பத்திரிகைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முஸ்லிம்களிடையே அந்த வழக்கம் குறைவு. ஆனால் பள்ளிவாசல் திறப்புவிழா மலர், பாடசாலை ஆண்டு மலர் எந்த வீட்டிலாவது இருந்தால் அவர்களிடம் கொடுத்து மின்னூலாக்கலாம். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், வெளியேற்றப்பட்டவர்களின் நிலையையும் இழப்புகளையும் தரவுகளோடு பதிந்துவைத்தவர், 2018இல் காலமானார். அவருடைய எழுத்தில் ஊருக்கு ஊர் இழப்புத் தெரியும். வீட்டுக்கு வீடு தெரியவேண்டுமானால் அதை அந்தந்த வீட்டார்தான் எழுதவேண்டும்.

கடைசியாக, நாம் கேட்க மறக்கிற ஆட்கள். தீவில் அயலில் இருந்த தமிழ்க் குடும்பங்கள். அவர்களும் ஒரே இடத்தில் இருக்கவில்லை. பேசாலையிலும் தலைமன்னாரிலும் இருந்து படகேறி மண்டபம் முகாமுக்குப் போனவர்கள் ஒருபுறம், மடுவுக்கும் வன்னிக்கும் போனவர்கள் ஒருபுறம், கனடாவிலும் பிரான்சிலும் இருப்பவர்கள் இன்னொருபுறம். பாடசாலையில் பக்கத்து வாங்கில் இருந்தவரின் வகுப்புப் படத்தில் உங்கள் வாப்பா நிற்கலாம். கலியாண வீட்டுக்கு வந்தவரின் அல்பத்தில் உங்கள் வீட்டு வாசல் இருக்கலாம். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கோ குடியிருப்பை நிறுவவோ ஊரறிந்தவரின் சத்தியக்கடதாசி தேவைப்பட்டால், அதைத் தரக்கூடியவரும் அவராகவே இருக்கலாம். முப்பது வருடம் பேசாமலிருந்துவிட்டு எப்படித் தொடங்குவது என்று இரு தரப்புக்கும் தயக்கம் உண்டு. பழைய உறுதியை எடுத்துப் பாருங்கள். நான்கு எல்லைகளில் ஒன்றில் அவருடைய தகப்பனாரின் பெயர் எழுதியிருந்தால், அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பி, "இது உங்கட அப்பாவா?" என்று கேளுங்கள்.